பழைய வண்டி ஐடிலிங்கில் குலுங்கினால்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

ஓடும்போது ஒன்றும் தெரியாது. வண்டியை நிறுத்தி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்கும், கண்ணாடி அதிரும், ஆர்.பி.எம். முள் ஆடும், சில நேரம் பொசுக்கென்று ஆஃப் ஆகிவிடும். யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்: பிளக்கை மாற்று, கார்பரேட்டரைக் கழுவு, காயில் போயிருக்கும். இதில் ஏதாவது ஒன்று சரியாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் பணத்தைக் கொட்டுவதில்தான் சிக்கல்.

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். ஒரே நாளில் நாலு பாகத்தை மாற்றுவார்கள். கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது. போகாவிட்டால், ஒயரை மாற்றிச் செருகி இன்னொரு கோளாறையும் சேர்த்திருப்பார்கள்.

கீழே உள்ள வரிசை 4 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினுக்கானது. கார்பரேட்டர் வண்டிக்கும் ஆரம்பகால ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் பொருந்தும். டீசல் வேறு கதை, அதை இதில் கலக்கவில்லை.

1. பானட்டைத் திறக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (நுண்ணிய இடைவெளியை அளக்கும் தகடுகள்), மல்டிமீட்டர், டார்ச், தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில், வேக்கம் கேஜ் (எஞ்சின் காற்றை இழுக்கும் வலுவை அளப்பது), கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளப்பது). கடைசி இரண்டும் இரவல் வாங்கினால் போதும். இவற்றோடு ஒரு பேப்பர் டேப்பும் பேனாவும் கட்டாயம். கழற்றும் ஒவ்வொரு ஒயருக்கும் ஹோஸுக்கும் எண் எழுதி ஒட்டத்தான். பத்து நிமிடத்தில் ஞாபகம் குழம்பிவிடும், நம்புங்கள்.

வண்டியின் சர்வீஸ் மேனுவல் இல்லாமல் தொடங்காதீர்கள். ஐடில் ஆர்.பி.எம்., பிளக் இடைவெளி, டாப்பெட் அளவு (வால்வை இயக்கும் இடத்தில் விடும் இடைவெளி), டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) நான்கும் வண்டிக்கு வண்டி மாறும். சில வண்டிகளில் இவற்றில் சில பானட்டின் உட்புற ஸ்டிக்கரிலேயே இருக்கும். சூடான எஞ்சின் 700 முதல் 900 வரை நிற்பது பொதுவான நிலை. ஆனால் உங்கள் வண்டிக்கு மேனுவல் சொல்வதுதான் கணக்கு.

பேட்டரியை இப்போதே அளந்துவிடுங்கள். எஞ்சின் ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழு சார்ஜ். ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். சார்ஜ் குறைந்தால் ஐடிலில்தான் முதலில் ஸ்பார்க் சோர்ந்துபோகும். இதைப் பார்க்காமல் காயிலைச் சந்தேகிப்பது வீண்.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் எல்லாச் சோதனையும் திறந்த வெளியில்தான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுங்கள். தொங்கும் துணி, விரித்த கூந்தல் எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. மின்விசிறி உள்ள வண்டியில் எஞ்சின் நின்ற பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கலாம்.

2. எப்போது குலுங்குகிறது என்று எழுதி வையுங்கள்

ஸ்பேனரைத் தொடும் முன் இரண்டு நாள் வண்டியைக் கவனிப்பது பாதி வேலையை முடித்துவிடும். காலையில் குளிரில் மட்டுமா? சூடான பிறகு மட்டுமா? எப்போதுமேவா? ஏ.சி. அல்லது ஹெட்லைட் போட்டால்தானா?

குளிரில் மட்டும் என்றால் சோக் (குளிரில் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும் ஏற்பாடு), வெப்பநிலை சென்சார் பக்கம் பாருங்கள். சூடானதும் தொடங்கினால் டாப்பெட் இறுக்கமாக இருக்கலாம், பெட்ரோல் அதிகமாக வந்துகொண்டிருக்கலாம். ஏ.சி. போட்டதும் மட்டும் என்றால் எஞ்சினில் பெரிய குறை இருக்காது. கூடுதல் பாரம் வரும்போது ஐடிலைத் தூக்கிக்கொடுக்கும் ஏற்பாடு வேலை செய்யவில்லை.

அப்புறம் ஒரு சோதனை. ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி 2,000 ஆர்.பி.எம்.மில் பிடியுங்கள். அங்கே எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடினால் காற்றுக் கசிவுதான் என் முதல் சந்தேகம். ஐடிலில் த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் தகடு) ஏறக்குறைய மூடியிருக்கும், எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அப்போது ஒரு சின்ன விரிசல் வழியாக வரும் காற்றும் காற்று-பெட்ரோல் கலவையைக் கெடுத்துவிடும். த்ராட்டில் திறந்ததும் அதே விரிசல் பெரிய காற்றோட்டத்தில் காணாமல் போகும். 2,000-லும் திக்கினால் ஸ்பார்க், கம்ப்ரஷன், பெட்ரோல் என்று போக வேண்டும்.

ஆர்.பி.எம். முள் அசையாமல் நிற்கிறது, வண்டி மட்டும் நடுங்குகிறது என்றால் எஞ்சின் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். வெடித்தோ அமுங்கியோ போயிருக்கும். இதை விட்டுவிட்டு ட்யூனிங் செய்துகொண்டே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. ஒரு சிலிண்டரா, எல்லாமா?

மொத்த வேலையும் இந்தக் கேள்வியில்தான் பிரிகிறது. இதற்குப் பதில் கிடைக்கும்வரை எதையும் வாங்காதீர்கள்.

முதலில் காகிதம். ஒரு துண்டுக் காகிதத்தைச் சைலன்சர் முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடியுங்கள். நல்ல எஞ்சினில் அது ஒரே சீராக வெளிப்பக்கம் தள்ளப்பட்டு நிற்கும். தாளம் தவறாமல் 'பட்… பட்…' என்று தளர்ந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் தூங்குகிறது. தாளமே இல்லாமல் தோன்றியபடி தளர்ந்தால் கலவையோ காற்றோ எல்லாச் சிலிண்டரையும் பாதிக்கிறது. காகிதம் இடையிடையே உள்ளே இழுக்கப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காரவில்லையோ என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஆர்.பி.எம். எவ்வளவு விழுகிறது என்று எழுதுங்கள். கார்பரேட்டர் வண்டியில் எஞ்சினை நிறுத்துங்கள். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதன் முனையில் உபரி பிளக் ஒன்றைச் செருகி, அந்தப் பிளக்கின் உலோக உடம்பு எஞ்சினில் நன்றாகத் தொடும்படி கட்டுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து குறியுங்கள். எஞ்சின் ஓடும்போதே ஒயரைப் பிடுங்குவது பழைய ஆட்களின் வழக்கம். நீங்கள் செய்யாதீர்கள். வழி கிடைக்காத உயர் மின்னழுத்தம் உங்கள் கை வழியாகப் போகலாம், இல்லாவிட்டால் காயிலையோ எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூலையோ தின்றுவிடும்.

ஒரு உதாரணம். சாதாரண ஐடில் 850. முதல் சிலிண்டரை நிறுத்தினால் 730, இரண்டாவது 720, மூன்றாவது 840, நான்காவது 725. மூன்றாவதை நிறுத்தியும் எஞ்சின் கண்டுகொள்ளவில்லை என்றால், அது ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நான்கும் ஒரே அளவில் விழுந்தால் கோளாறு பொதுவானது.

வண்டியில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருந்தால், பிளக்கைத் துண்டித்த நிலையில் சில நொடிகளுக்கு மேல் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைச் சுட்டெரித்துவிடும். இன்ஜெக்டரைத் துண்டிக்கும்போது பெட்ரோலும் சேர்ந்தே நிற்பதால் இந்த அபாயம் இல்லை.

ஸ்கேனர் செருகும் வசதி உள்ள வண்டியா? பி0301 முதல் பி0304 வரையிலான கோடு (பிழைக் குறியீடு) வந்தால் கடைசி எண்தான் மிஸ் அடிக்கும், அதாவது எரியத் தவறும், சிலிண்டர். பி0300 என்றால் மாறி மாறி மிஸ் அடிக்கிறது. பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம். கோடு நோயின் அறிகுறியைத்தான் சொல்லும். எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்லாது.

4. எல்லாச் சிலிண்டரும் என்றால்: காற்றுக் கசிவு

பழைய வண்டியில் நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். ரப்பர் ஹோஸ் வெப்பத்தில் காய்ந்து, கிளிப் இறுக்கிய முனையிலும் வளைவின் அடிப்பக்கத்திலும் வெடிக்கும். மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும்.

என் சொந்த வண்டியிலேயே இந்தப் பாடத்தைப் படித்தேன். பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டரின் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் பாகம்) கேப், ரோட்டார் எல்லாம் மாற்றியும் நடுக்கம் போகவில்லை. கடைசியில் எரிச்சலில் ஒரு எல்போ ஹோஸைப் பிடித்துத் திருகியபோது எஞ்சின் சட்டென்று அமைதியானது. அடிப்பக்கத்தில் நகத்தளவு விரிசல். விரலால் அதை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா நின்றேன்.

பார்க்க வேண்டிய இடங்கள்: பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ், பி.சி.வி. வால்வும் (எஞ்சினுக்குள் தேங்கும் வாயுவை மறுபடி உள்ளிழுக்க விடுவது) அதன் ஹோஸும், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் அட்வான்ஸ் டியூப், கார்பரேட்டர் அல்லது த்ராட்டில் பாடியின் அடி கேஸ்கட், இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாய்த் தொகுதி) கேஸ்கட், இன்ஜெக்டரின் ஓ-ரிங்.

முதல் சோதனை, ஹோஸை நசுக்குவது. கட்டிங் பிளேயரின் வாயில் துணி சுற்றி, ஒவ்வொரு ஹோஸையும் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் மெதுவாக அழுத்தி மூடுங்கள். எதை மூடியதும் ஐடில் சீராகிறதோ, கசிவு அந்தக் கிளையில் இருக்கிறது. பூஸ்டர் ஹோஸை மூடினால் சரியாகிறது என்றால் பூஸ்டரே உள்ளே கிழிந்திருக்கலாம். அது பிரேக் சமாச்சாரம், தள்ளிப்போடக் கூடாது. பி.சி.வி. வால்வை மூடினால் ஐடில் கொஞ்சம் மாறுவது இயல்பு, அதைக் கசிவு என்று எண்ணிவிடாதீர்கள்.

இரண்டாவது, தண்ணீர். கேஸ்கட் சந்துகளில் பாட்டிலால் மெல்லிய தூவலாகத் தெளியுங்கள். விரிசல் இருந்தால் தண்ணீர் ஒரு கணம் அதை அடைக்கும், ஐடில் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர், காயில் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்தால் அதுவே புது மிஸ்ஸிங் ஆகிவிடும். கார்பரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்ப்பவர்கள் உண்டு, பலனும் தெளிவாகத் தெரியும். ஆனால் பல எஞ்சின்களில் இன்டேக்குக்குக் கீழேயே கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது. புதியவர்களுக்கு நான் அதைச் சொல்லித்தருவதில்லை.

மூன்றாவது, வேக்கம் கேஜ். மேனிஃபோல்டில் நேரடியாகத் திறக்கும் முனையில் மாட்டுங்கள். கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில் நல்ல எஞ்சின் 17 முதல் 22 அங்குலம் (பாதரச அளவு) காட்டும், முள் அசையாது. உயரமான ஊர் என்றால் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் ஒரு அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். முள் அசையாமல் தாழ்ந்து நின்றால் கசிவு அல்லது டைமிங் பின்தங்கல். சீரான இடைவெளியில் துள்ளி விழுந்தால் ஒரு வால்வு. மெதுவாக ஊஞ்சலாடினால் கலவை.

ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) தெரிந்தால் இன்னும் சுலபம். ஐடிலில் +10 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2,500 ஆர்.பி.எம்.மில் பூஜ்யத்தை நெருங்கினால் கசிவு ஏறக்குறைய உறுதி.

ஹோஸ், கேஸ்கட் எல்லாம் சரி, 2,000-ல் எஞ்சின் சீராகவும் ஓடுகிறது என்றால் ஈ.ஜி.ஆர். வால்வைப் (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடுவது) பாருங்கள். கரி பிடித்து மூடாமல் நின்றால் புகை ஐடிலிலும் உள்ளே வந்து, கசிவு மாதிரியே நாடகமாடும்.

5. ஒரே சிலிண்டர் என்றால்: பிளக்கைப் படியுங்கள்

ஒரு விதிவிலக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்டேக் கேஸ்கட் ஒரு சிலிண்டருக்கு நேராக மட்டும் கசிந்தால் அந்த ஒன்று மட்டும் மிஸ் அடிக்கும். எனவே அந்த இடத்தில் தண்ணீர்ச் சோதனையை முடித்துவிட்டு வாருங்கள்.

பிளக்கைச் சூடு தணிந்த எஞ்சினில்தான் கழற்ற வேண்டும். அலுமினிய ஹெட் சூட்டோடு இருக்கும்போது மரை பிய்ந்து வந்துவிடும். கழற்றும் முன் குழியில் இருக்கும் மண்ணை ஊதி எடுங்கள், இல்லையேல் அது சிலிண்டருக்குள் போகும்.

நான்கையும் வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். இளம்பழுப்பு நிறம் நல்ல எரிப்பு. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல். சுண்ணாம்பு வெள்ளை என்றால் காற்று அதிகம். பெட்ரோலில் நனைந்து பளபளத்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை.

இப்போது இடமாற்றச் சோதனை. சந்தேகப்படும் பிளக்கை நல்ல சிலிண்டருக்கும், நல்லதை இங்கேயும் போட்டு மூன்றாவது பகுதியின் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மிஸ் பிளக்கோடு சேர்ந்து போனால் பிளக்தான் குற்றவாளி. அதே சிலிண்டரிலேயே தங்கினால் அடுத்து ஒயர் அல்லது தனிக் காயில், அதற்கடுத்து இன்ஜெக்டர். ஒரு தடவைக்கு ஒரு பாகம்தான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் சோதனையே செத்துப்போகும். நீளம் பத்தாத ஒயரை மாற்ற முடியாவிட்டால் மல்டிமீட்டரில் நான்கின் ஓம் அளவையும் பாருங்கள். நீளத்துக்கு ஏற்றபடி கூடிக் குறைய வேண்டும். ஒன்று மட்டும் எங்கோ போய் நின்றால் அதுதான்.

திருப்பி மாட்டும்போது பிளக்கை முதல் சில சுற்று கையால்தான் திருகுங்கள். ஒயர் வரிசை பெரும்பாலான நேர்வரிசை 4 சிலிண்டர்களில் 1-3-4-2. எல்லாவற்றிலும் அல்ல, மேனுவலைப் பாருங்கள். நீங்கள் ஒட்டிய டேப் இங்கேதான் உதவும்.

6. டிஸ்ட்ரிபியூட்டரும் டைமிங்கும்

கேப்பைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கரிக்கோடு இருந்தால் மின்சாரம் குறுக்கே ஓடுகிறது. துடைத்தால் போகாது, கேப்பை மாற்றுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டால் ஒயர்களில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் சுவிட்ச்) உள்ள வண்டியில் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்த பிறகுதான் டைமிங். இடைவெளி மாறினால் பாயிண்ட் திறக்கும் நேரமும் மாறும். தலைகீழாகச் செய்தால் இரண்டு தடவை செய்ய வேண்டிவரும். டைமிங் லைட் பிடிக்கும்போது, மேனுவல் அப்படிச் சொன்னால், வேக்கம் டியூபைக் கழற்றி அதன் வாயை அடைக்க மறக்காதீர்கள். அடைக்காவிட்டால் நீங்களே ஒரு கசிவை உண்டாக்கிவிட்டு டைமிங் வைத்ததாகிவிடும்.

7. டாப்பெட், பிறகு கம்ப்ரஷன்

சத்தம் போடும் டாப்பெட்டைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்குச் சத்தமே இல்லாத டாப்பெட்தான் பயம். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு சூட்டில் நீண்டு, முழுவதும் மூடாமல் நிற்கும். காலையில் நன்றாக ஓடி, சூடானதும் திக்குவது இப்படித்தான். இந்த நிலையில் கம்ப்ரஷன் அளந்தாலும் தவறான எண்ணே வரும், அதனால் டாப்பெட் முதலில்.

கம்ப்ரஷனுக்கு எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், ஐந்தாறு துடிப்பு போதும். ஆக்சிலரேட்டரை அழுத்த மறப்பதுதான் வழக்கமான பிழை. காற்று உள்ளே வராமல் நான்கும் குறைவாகக் காட்டும், எஞ்சினே போச்சு என்று பதறுவீர்கள்.

பல பெட்ரோல் எஞ்சின்கள் 120 முதல் 180 பி.எஸ்.ஐ. வரை காட்டும். அதைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம். மிகக் குறைவானது, மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்கும் கீழே போனால் கோளாறு உள்ளேதான். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் கேஸ்கட் அவற்றுக்கு நடுவில் போயிருக்கிறது. இந்த நிலைக்கு வந்துவிட்டால் கார்பரேட்டரில் எவ்வளவு விளையாடினாலும் ஐடில் சீராகாது.

8. கார்பரேட்டர் கடைசியில்தான்

காற்று, ஸ்பார்க், டைமிங், டாப்பெட் நான்கும் சரியான பிறகே கலவை ஸ்க்ரூவைத் தொடலாம். முன்பே தொட்டால் வேறொரு குறையை மறைக்கிற மாதிரி கலவையை வைத்துவிடுவீர்கள்.

முதலில் சோக் முழுவதும் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு, நிறுத்திய எஞ்சினில் கலவை ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணி எழுதுங்கள். இறுக்கினால் ஊசிமுனை நசுங்கி, அதற்குப் பிறகு ஒருபோதும் சரியாக அட்ஜஸ்ட் ஆகாது. பழைய இடத்துக்கே திருப்பி, எஞ்சினைச் சூடாக்கி, கால் சுற்று கால் சுற்றாக இரு பக்கமும் திருகி ஆர்.பி.எம். உச்சமாகவும் சீராகவும் இருக்கும் இடத்தைப் பிடியுங்கள்.

ஸ்க்ரூவை உள்ளே திருகியும் எஞ்சின் மாறவே இல்லையா? யாரோ ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூவை ஏற்றி வைத்திருப்பார்கள். ஆஃப் ஆகாமல் இருக்க எல்லோரும் செய்யும் குறுக்குவழி அது. த்ராட்டில் கூடுதலாகத் திறந்து வேறு துளை வழியாகப் பெட்ரோல் வரத் தொடங்கிவிடுவதால், கலவை ஸ்க்ரூவுக்கு வேலையே இருக்காது. வேகத்தை இறக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். இறக்கியதும் எஞ்சின் நிற்கிறது என்றால் ஐடில் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) அடைத்திருக்கும். அதைக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் இந்த இடத்தில் த்ராட்டில் பாடி வருகிறது. தகட்டின் பின்விளிம்பில் படிந்த கரியையும் ஐடில் கன்ட்ரோல் வால்வையும் அதற்கான கிளீனர், துணி கொண்டு துடையுங்கள். மோட்டார் இயக்கும் தகட்டை விரலால் தள்ளாதீர்கள். சுத்தம் செய்ததும் சிறிது நேரம் ஐடில் உயர்ந்து நிற்கலாம், கம்ப்யூட்டர் பழகிக்கொள்கிறது.

ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்கம் டியூபைக் கழற்றி மோந்து பாருங்கள். பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. கூலன்ட் வெப்பநிலை சென்சார் பல வண்டிகளில் 20 டிகிரி செல்சியஸில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் காட்டும். சூடான பிறகும் ஆயிரக்கணக்கில் காட்டினால், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

9. சரியானதா என்று பார்ப்பது

பானட்டை மூடியதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். அரைமணி நேரம் ஓட்டி, சூட்டோடு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் போட்டு ஐடிலைக் குறியுங்கள். மறுநாள் காலைக் குளிர் ஸ்டார்ட்டையும் பாருங்கள். கோடு வந்திருந்தால் அழித்துவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

கழற்றிய பழைய ஒயரையும் பிளக்கையும் அதுவரை தூக்கி எறியாதீர்கள். புதிதாக வாங்கிய பாகமே பழுதாக வருவதும் உண்டு. அன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழையதுதான் கைகொடுக்கும்.